நாலு மணிக்கு மட்டும் சிவக்கும் வார்டு

தேனி,
ஆடிக்காற்று ஓடுகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்த இரண்டாம் வாரம், 1987.

சென்னைப் பட்டணத்தில் இரும்புப் பெட்டிக்கு எழுத்தறிவிக்கும் அருமை மருமகன் செல்வமணிக்கு,

வருசநாட்டு மலைக்கும் மேற்கு மலைக்கும் நடுவே உள்ள அத்தனை ஆஸ்பத்திரி ஆபீசுகளுக்கும் ஏகச் சக்கரவர்த்தியாக விளங்கியவனும், உன் தாயாரின் ஒரே தம்பியும், உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பாதிரியார் தெளித்த தண்ணீரைவிட அதிகமாக உன்னால் நனைக்கப்பட்டவனுமாகிய மாமன் ஞானசிகாமணி, ஆண்டவர் கிருபையை முன்னிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம். சுகமில்லாதவர்களை எல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டபடியால் வெளியில் இருக்கிறவர்கள் சுகமாகத்தான் இருந்தாக வேண்டும். உன் அம்மா, யார் கேட்டாலும் தான் சௌக்கியம் என்றே சொல்லச் சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டேன். அவ்விடம் உன் சுகத்துக்கும் உன் கம்ப்யூட்டரின் சுகத்துக்கும் ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலிடுகிறேன். முழங்கால் வலியில் பாதி உன்னால்தான்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூச்சு நோய்ப் பிரிவுக்கு நீ ஒரு திட்டம் எழுதுவதாகவும், எந்தக் கட்டிலில் யார், யாருக்கு எத்தனை ஆக்சிஜன், எந்தச் சிலிண்டர் காலி, யாருக்கு யார் ஆவி கொடுத்தார்கள், எந்த மெஷினை எப்போது கழுவினார்கள் என்ற சகல ரகசியங்களும் ஒரு பொத்தானைத் தொட்டால் கண்ணாடியில் வந்து கைகட்டி நிற்கும் என்றும் எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். அதன் கீழேயே, “ஊர்ப்பக்கம் இதெல்லாம் அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதவும்” என்று ஒரு வரி. ஒரு பக்கத்துக்குள்! வைகை அணையைப் பித்தளைச் செம்பில் மொண்டு பார்சலில் அனுப்பு என்று கேட்பது போல இருக்கிறது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், “நான் எழுதினதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.”

சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை, நீ தேனி பஜாரில் உன் அப்பா விட்டுப்போன ஏலக்காய்க் கடையில் உட்கார மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிய அன்று, உன் அம்மா வாசலில் நின்று, “அந்தப் பொட்டிய நம்பிப் போறவன் இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்” என்று சொன்னாள். உண்மைதான், நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அவள் அதே வாயால் அன்று காலையில் பால்காரனை இனி இந்தத் தெருவுக்கே வராதே என்றாள். அவன் மறுநாள் வந்து மணியடித்தான், பாலை வாங்கிக்கொண்டாள். அவனுக்குப் புரிந்தது படித்தவன் உனக்குப் புரியாமல், மூன்று கிறிஸ்துமஸாக வராமல் இருக்கிறாய். மூன்று வருஷமும் உன் பங்குக் கேக்கை நானே தின்ன வேண்டியதாயிற்று. அந்தத் தியாகத்தைப் பற்றி வேறொரு சமயம் விரிவாகப் பேசுவேன்.

இந்தக் கடிதத்தை எங்கிருந்து எழுதுகிறேன் தெரியுமா? பதறாதே. நம் ஆஸ்பத்திரி மூச்சு வார்டிலிருந்துதான். ஜன்னலோரக் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்குகிறது. அந்தச் சிவப்பு அட்டை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எழும்பூரில் ரயில் ஏறியிருப்பாய். உன் அம்மாவும் இங்கேதான் இருக்கிறாள். இந்த வார்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. இப்போதுகூட, “ஏலே, யாருக்குடா இம்புட்டு நீளமா எழுதுற?” என்று கேட்டாள். போடி மண்டிக்கு ஏலக்காய் விலை கேட்டு எழுதுகிறேன் என்றேன். “விலை கேக்க ஆறு தாளா?” என்றாள். காய்க்கு ஒரு தாள் வீதம் எழுதினால்தான் மரியாதை என்றேன். ஆகையால் உன் கேள்விக்குப் பதிலை முறையாக, ஆதியிலிருந்து சொல்லுகிறேன். சிவப்பு அட்டையின் மகிமை அதற்குள் வரும்.

எழுபத்து நாலாம் வருஷம் என்று ஞாபகம். டாக்டர் ஆதித்தன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வெளியூரில் போய் நுரையீரலை மட்டும் தனியாகப் படித்துவிட்டு வந்தவர். எதிரில் மனிதன் வந்தால் அவருக்கு முகம் தெரியாது; இரண்டு நுரையீரல் வேட்டி கட்டி நடந்து வருவதாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவருக்கு நம் பள்ளத்தாக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். தேனியில் பஞ்சு மில். அந்தத் தூசியில் ஒரு வாரம் நின்றால் மனிதன் தும்மினால் தலையணை வந்து விழும். மேலே மலையில் ஏலத்தோட்டக் குளிர். இதற்கு நடுவில், ஆடி பிறந்தால் கம்பத்துப் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்று. இப்போது அடிப்பதெல்லாம் காற்றா? அந்தக் காலத்தில் சின்னமனூரில் துவைத்துக் கொடியில் போட்ட வேட்டியைத் தேனியில் எட்டிப் பிடித்து உடுத்திக்கொள்ளலாம். காய்ந்தும் இருக்கும். அந்தக் காற்றில் இளைப்புக்காரர்கள் எல்லாம் ஊதுகுழல் மாதிரி ஊதிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். டாக்டர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். உடனே மூச்சு வார்டு திறந்தாயிற்று.

வார்டு திறந்தாயிற்றே தவிர, உள்ளே நடந்தது ராஜா இல்லாத ராஜ்யம். ஆக்சிஜன் சிலிண்டர் மதுரையிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக லாரியில் வரும். வந்ததும் நிறைந்ததும் காலியானதும் ஒரே மூலையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். எது எது என்று தெரியாமல், நர்ஸ் பூமாரி தேங்காய்க்காரியைப் போல ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். ஒருவருக்குப் போட வேண்டிய ஊசி பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். அவர் அதையும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நல்லதுங்கம்மா” என்று கும்பிடுவார். டாக்டர் ஒரு நாள் என் ஆபீசுக்குள் நுழைந்து, “ஞானசிகாமணி, இந்த வார்டில் எனக்கு ஒரு முறை வேண்டும். கதவைத் திறந்தவுடன் யார் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்றார்.

இந்தியாவிலேயே முதன்முதலாக, ஏன், கீழ்த்திசை நாடுகளிலேயே முதன்முதலாக, மூச்சுப் பிரிவுக்கென்று ஒரு தகவல் முறை உண்டானது அந்த நிமிஷத்தில்தான். உன் சென்னை டாக்டர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். நான் எங்கே கற்றேன்? போடியில் தாத்தாவின் ஏலக்காய்க் கிட்டங்கியில். அங்கே மூட்டைக்கு மூட்டை ஒரு தகரத் துண்டு தொங்கும். கதவைத் திறந்தவுடன் எது முதல் தரம், எது பச்சைக்காய், எது இன்னும் உலர வேண்டும் என்று குருடனும் தடவிச் சொல்லுவான். அதே சாஸ்திரம். சிலிண்டருக்கெல்லாம் கழுத்தில் தகரம் மாட்டினேன். கட்டிலுக்குக் கட்டில் தலைமாட்டில் ஒரு கொக்கி, கொக்கியில் ஓர் அட்டை. சிவப்பு என்றால் ஆக்சிஜன் வேண்டும், ஆபத்து. மஞ்சள் என்றால் ஆவியும் ஊசியும் போதும். பச்சை என்றால் வீட்டிலிருந்து மாற்று வேட்டி வந்ததும் கிளம்பலாம். சிக்னல் விளக்கைப் பார்த்து எடுத்தாயா என்று கேட்காதே. தேனியில் அப்போது சிக்னல் ஏது? மாடு படுத்தால் நிற்க வேண்டும், மாடு எழுந்தால் போக வேண்டும், அவ்வளவுதான். காலையில் பூமாரி கட்டில்களைப் பார்த்து நிறத்தை மாட்டுவாள்; அப்போது ஒரு தடவையும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவையும் வாசலில் நின்று சிவப்பை எண்ணுவது என் வேலை. நான் அதைக் கட்டம் போட்ட தாளில் கோடாக இழுத்து டாக்டர் மேஜையில் வைப்பேன். டாக்டர் அதைப் பார்த்து மகிழ்ந்து, தன் பேனாவையே எனக்குக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், நம் ஊர் ஜனங்களுக்குச் சொந்தபந்தம் என்று ஒன்று இல்லாதிருந்தால். கெங்குவார்பட்டியிலிருந்து குருசாமி என்று ஒரு மாந்தோப்புக்காரர் படுத்திருந்தார். மீசை ஒன்றே நாலு கிலோ தேறும். வந்த அன்று சிவப்பு. நல்ல உடம்பு, நாலே நாளில் தேறிவிட்டார். பூமாரி பச்சையை மாட்டினாள். அன்று நாலு மணிக்கு, பார்வையாளர் நேரம் திறந்ததும், அவருடைய ஜனம் ஒரு லாரியே பிடித்து வந்து இறங்கியது. ஹார்லிக்ஸ் என்ன, ஆரஞ்சு என்ன, ஆளுயர வாழைத்தார் என்ன. அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே பெண்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் அட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரன் நிறங்களின் பொருளை அவர்களுக்கு விளக்கிவிட்டான்.

“என்ன மாமா, பச்சையில்ல தொங்குது?” என்றான் ஒருவன்.

“காலையிலதேன் மாத்துனாக” என்று குருசாமி குரலை இறக்கினார்.

அவருடைய பெரிய மச்சினர், மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “அறுப்பை நிப்பாட்டிட்டு, லாரி பிடிச்சு, ஊரே தெரண்டு வந்திருக்கோம். பச்சைக்கா வந்தோம்? போன மாசம் எங்க சித்தப்பன் கட்டில்ல தொங்குனது மஞ்ச, பொருளு இப்பத்தேன் தெரியுது. மஞ்சளுக்கே நாங்க ரெண்டு வண்டிதேன் போனோம்.”

“நான் என்னய்யா பண்ணட்டும்? தேறிருச்சு.”

“அதச் சொல்லிவிட்டிருக்கலாம்ல?”

ஹார்லிக்ஸை வைத்துவிட்டார்கள், ஆனால் வாழைத்தாரைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டார்கள், மருமகனே. நம் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? லாரி கிளம்பிப் போன திசையையே பார்த்துக்கொண்டு குருசாமி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை என் ஆபீசுக்கு வந்து, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, “ஏய்யா, எங்க ஊருல நான் யாரு, என் தோப்பு எம்புட்டு, விசாரிச்சுப் பாத்தீகளா? எனக்குப் பச்சையா?” என்றார். மூச்சு விடாமல் கேட்டார். மூச்சு விடாமல் கேட்கிற அளவுக்கு மூச்சு நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து விபரீதம் ஆரம்பித்தது. நிறம் வெளியூருக்குக் கிளம்பிப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம், “உங்க அய்யா படுத்திருக்காகளாமே, என்ன கலரு?” என்று கேட்பான். சிவப்பு என்றால் முழுக் குடும்பமும் போக வேண்டும், மஞ்சள் என்றால் வீட்டுக்கு ஓர் ஆள், பச்சை என்றால் கண்டக்டரிடம் ஒரு விசாரிப்புச் சொல்லிவிட்டால் போதும் என்று பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. நான் எழுதாத சட்டம். ஆனால் போலீஸே இல்லாமல் அமலான ஒரே சட்டம். இதைத் தெரிந்துகொண்ட நோயாளிகள் என்ன செய்தார்கள்? காலையில் அவரவர் நிறத்தில் படுத்திருப்பார்கள். மூன்றரை மணிக்கு ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார், ஒருவர் கொடியிலிருந்து துண்டு எடுக்கப் போவார், போகிற வழியில் உபரி அட்டை வைத்திருந்த அலமாரிப் பக்கம் ஒரு வளைவு. நாலு மணிக்கு மணியடித்துக் கதவு திறந்தால், வார்டு முழுக்கச் சிவப்பு! செம்பருத்தித் தோட்டம் மாதிரி இருக்கும். குருசாமி ஒரு சிவப்பு போதாதென்று இரண்டு மாட்டியிருந்தார். ஆறு மணிக்கு ஜனம் போனதும், ஆரஞ்சை உரித்துக்கொண்டே எல்லோரும் பச்சைக்குத் திரும்பிவிடுவார்கள்.

என் கட்டத் தாளில் கோடு என்ன ஆயிற்று என்று நினைக்கிறாய்? காலையில் பள்ளம், நாலு மணிக்குச் சிகரம், மறுநாள் காலையில் பள்ளம், நாலு மணிக்குச் சிகரம். மேகமலையை வரிசையாக நிறுத்தி வைத்தது போல இருந்தது. டாக்டர் அதை ஜன்னலில் ஒட்டி வைத்துக்கொண்டு நாள் முழுதும் வெறித்தார். மருத்துவ உலகம் இதுவரை காணாத ஒரு நோயைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்குத் தோன்றிவிட்டது. தினமும் சரியாக நாலு மணிக்கு மூச்சுக் குழாயைத் தாக்கி, ஆறு மணிக்கு மரியாதையாக விலகிப்போகும் நோய். காரணம் கம்பத்துக் காற்றுதான் என்று தீர்மானித்து, மூன்றரைக்கே எல்லா ஜன்னல்களையும் அடைக்க உத்தரவிட்டார். உள்ளே புழுக்கம் தாங்காமல் ஒன்றிரண்டு பேர் நிஜமாகவே சிவப்புக்குப் போனார்கள். அவர் விடவில்லை. மதுரைக்கு எழுதி அதிகமாகச் சிலிண்டர் வரவழைத்து, நாலு மணி அடித்ததும் சிவப்புக் கட்டிலுக்கெல்லாம் ஆக்சிஜன் மாட்டச் சொன்னார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கொப்புளிக்க, மூக்கில் குழாயோடு குருசாமி மாப்பிள்ளைக் கோலத்தில் படுத்திருந்தார். அதைப் பார்த்த அவருடைய மச்சினர் கண் கலங்கி, ஓடிப்போய் வாழைத்தாரோடு திரும்பி வந்தார். நான் ஆபீசில் உட்கார்ந்து, என் முறையினால் ஒரு புது நோயே உலகத்துக்குக் கிடைத்ததென்று, அதற்கு என் பெயரை வைப்பார்களா டாக்டர் பெயரை வைப்பார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. இனிமேல்தான் கதை. அதே வார்டில் சுவரோரக் கட்டிலில் சந்தனம்மாள் என்று பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவள் ஒருத்தி. மெலிந்த உடம்பு, வாய் மட்டும் வாட்டசாட்டம். புருஷன் ஆண்டிபட்டியில் தறி நெய்கிறவன். தறி ஓயும்போது வந்து பார்த்துவிட்டுப் போவான். அவளுக்குச் சிவப்பு சொந்தச் சம்பாத்தியம். யாரிடமும் திருடவில்லை. ஒரு நாள் நாலரை மணிக்கு அவளுக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. அவள் சிலிண்டரில் முள் கீழே படுத்துவிட்டது. மூலையில் நிறைந்த சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பார்வையாளருக்கு எதிரில் கொப்புளித்துக்கொண்டிருந்தது. பூமாரி வார்டை ஒரு பார்வை பார்த்தாள். நேரே குருசாமி கட்டிலுக்குப் போனாள். அவர் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கினாள்.

“ஏம்மா, ஏம்மா, நான் செகப்பு!” என்றார் குருசாமி.

“அஞ்சு ஆரஞ்சு தின்னுட்டு ஏப்பம் விடுறீக, நீங்க செகப்பா? அங்கன ஒருத்தி நெசமாவே போயிக்கிட்டிருக்கா. பிடிங்கய்யா சிலிண்டரை!”

சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குருசாமி எழுந்து, தன் சிலிண்டரைத் தானே கட்டிப்பிடித்துச் சந்தனம்மாள் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூச்சு வாங்காமல் உருட்டினார். சந்தனம்மாள் பிழைத்தாள். நாலு மணி நோய் அந்த இடத்திலேயே செத்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஜன்னலில் ஒட்டியிருந்த கட்டத் தாளை உரித்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. “நாளையிலிருந்து அட்டை உண்மை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அட்டையும் வேண்டாம், நீரும் வேண்டாம்” என்றார். மறுநாள் அட்டைகளையெல்லாம் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். முறுக்கு அவிழ்க்கும் குறடு பூமாரியின் இடுப்பில். வார்டில் ஒரே பச்சை. பார்க்க வருகிற கூட்டமும் பாதியாகக் குறைந்துபோய், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

சந்தனம்மாள் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நாளைக்குப் பச்சை மாட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பக்கம் நடந்தபோது கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“ஐயா, அந்தச் செகப்பை இன்னும் கொஞ்ச நாளு விட்டுவைங்கய்யா.”

“ஏத்தா, தேறிட்டோமுன்னு சந்தோசப்படாம, நீயுமா?”

“எனக்கு ஆரஞ்சு வேண்டாமுய்யா. எங்க அண்ணன் வரணும்.”

அண்ணன் பெயர் சின்னக்கருப்பு. ஆண்டிபட்டிக்குத் தெற்கே மானாவாரிக் காடு. இவள் மகளுக்குக் காது குத்தின அன்று தாய்மாமன் சீராக ஒரு நூல் சேலை கொண்டுவந்து வைத்திருக்கிறான். இவள் சபையில் அதை விரித்துக் காட்டி, “அண்ணே, இதை நான் கட்டிக்கிட்டுப் பந்தியில நிக்கவா, பந்திக்கு அடியில விரிக்கவா?” என்று கேட்டிருக்கிறாள். அவன் அப்படியே எழுந்து போனவன்தான். மகளுக்குக் காது குத்தியது போய், அவளுக்குக் கல்யாண வயதும் வந்துவிட்டது, பேச்சில்லை.

“கண்டக்டர்கிட்டச் சொல்லிவிட்டிருக்கேன். தங்கச்சி செகப்புன்னு சேதி இந்நேரம் போயிருக்கும். அவுக மனசு எளகிக் கெளம்பி வாரப்ப இங்கன பச்சை தொங்குச்சுன்னா, ‘இவளுக்கு என்ன, கல்லுக் கணக்கா இருக்கா’ன்னு வாசலோட திரும்பிருவாகய்யா. அப்புறம் நான் செத்தாத்தேன் வருவாக. அதுக்கு நான் இருந்து பாக்கணுமில்ல?”

நான் நீதிமான் அல்ல, மருமகனே. ஒரு தங்கையை மறுத்துப் பேசும் தைரியமும் எனக்கு இல்லை. எனக்கும் ஒரு அக்காள் உண்டு, வாயும் அதே வாய். மறுநாள் பூமாரி பச்சையை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போன சமயம் பார்த்து, நான் பல்லாலேயே கம்பியை அவிழ்த்துச் சிவப்பை மாட்டினேன். இந்தப் பக்கத்துப் பல் ஆடுவது அன்றிலிருந்துதான்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. கக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு மனிதன் நிலைப்படியில் நின்றான். தங்கையைப் பார்க்கவில்லை, முதலில் அட்டையைப் பார்த்தான். அதைப் பார்த்ததும் முகம் கோணிக்கொண்டது. சந்தனம்மாள் அவனைக் கண்டதும் தொப்பென்று படுத்து, பஞ்சு மில் மெஷினே தோற்றுப்போகிற மாதிரி மூச்சை இழுத்து விட ஆரம்பித்தாள். நிஜமாக மூச்சு முட்டினபோது அவள் அதில் பாதி சத்தம்கூடப் போடவில்லை.

“ஏத்தா, சந்தனம்” என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்தா பூமாரி ஆவி பிடிக்கிற கெட்டிலோடு உள்ளே வரவேண்டும்? “இத யாரு மாத்துனது?” என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து குறடை எடுத்து, முறுக்கை அவிழ்த்து, சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டிவிட்டாள். வார்டு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. மூச்சு வார்டில் அது எவ்வளவு பெரிய காரியம்!

“பச்சையா?” என்றான் சின்னக்கருப்பு.

சந்தனம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். “ஆமா, பச்சைதேன். மத்தியானம் நாலு இட்லி தின்னேன். கோவமுன்னா போயிரு.”

அவன் போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான். “பச்சைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமுன்னுதேன கண்டக்டர் சொன்னாரு?”

“ஆமா.”

“வண்டி வெளிய நிக்குது. கெளம்பு.”

“எந்த வீட்டுக்கு?”

“உனக்கு எத்தனை வீடு இருக்கு? பொறந்த வீட்டுக்கு.” மஞ்சள் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து, பார்க்காமலே அவள் மடியில் போட்டான்.

அவள் தடவிப் பார்த்தாள். “பட்டா?”

“தொட்டாத் தெரியல?”

“பட்டுத்தேன். கலருதேன் கொஞ்சம் கண்ணை உறுத்துது.”

சின்னக்கருப்பு பூமாரி பக்கம் திரும்பி, “அம்மா, இவளுக்கு அந்தச் செகப்பையே மாட்டுங்க” என்றான். வார்டே சிரித்தது. குருசாமி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல் கிடந்த குருசாமி, சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கடைசியில் நியாயமாகவே ஒரு மஞ்சள் சம்பாதித்தார்.

அவர்கள் வண்டி ஏறிப் போனதை டாக்டர் மாடியிலிருந்து பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். சீட்டுக் கிழியப் போகிறது என்று நினைத்துப் போனேன். அவர் சொன்னார்: “ஞானசிகாமணி, ஒரே அட்டையை இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வைத்துவிட்டோம். எனக்கு வேண்டியது ஒன்று, அவர்களுக்கு வேண்டியது ஒன்று.” மறுநாள் இரண்டு பலகை ஆயிற்று. நர்ஸ் அறைக்குள்ளே, பூட்டின கதவுக்குப் பின்னால் ஒன்று. அதில் இருப்பது உண்மை. பூமாரியும் டாக்டரும் மட்டும் பார்ப்பார்கள். கட்டில் தலைமாட்டில் ஒன்று. அது நோயாளியின் சொந்த இஷ்டம். எந்த நிறம் வேண்டுமோ எடுத்து மாட்டிக்கொள்ளலாம். யாருக்குச் சேதி போகவேண்டுமோ போகட்டும். இன்றைக்கும் அப்படித்தான். டாக்டர் மாறிப்போனார், காற்றும் கொஞ்சம் மாறிப்போயிற்று, பூமாரி தலைமை நர்ஸாகிக் கண்ணாடி போட்டுவிட்டாள், இரண்டு பலகையும் மாறவில்லை.

ஆகையால் உன் கம்ப்யூட்டருக்கு மாமன் சொல்லும் யோசனை இதுதான். நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கூடவே ஓர் ஓரத்தில், ‘யார் வந்து பார்த்தார்கள்’ என்றும், அதற்குக் கீழே, ‘யார் இன்னும் வரவில்லை’ என்றும் இரண்டு கட்டம் போடு. உன் சென்னை டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவரவர் அம்மாவுக்குப் போன் போடுவார்கள்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. இந்தக் கட்டிலுக்கு இதுவரை சேர்ந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினால் பெரியகுளம் மணிக்கூண்டு உயரம் வரும். பஜாரே வந்து போய்விட்டது. வராதவன் ஒருவன்தான். உன் வேலைக்கு ஆண்டவர் துணை நிற்கட்டும், உன் பெட்டி உன் பேச்சைக் கேட்கட்டும், மெட்ராஸ் வெயில் உன் தலைமுடியை விட்டுவைக்கட்டும் என்று முழு மனதோடு ஆசீர்வதித்து, இரண்டு கையும் நீட்டிக் காத்திருக்கும்,

உன் தாய்மாமன்,
த. ஞானசிகாமணி.

பின்குறிப்பு: மேலே எழுதினதைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பார். கட்டிலில் படுத்திருப்பது நான்தான் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? நான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சைத் தின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. கட்டிலில் இருப்பது உன் அம்மா. ஆடிக்காற்றில் முதல் நாளே இளைப்பு பிடித்துவிட்டது. “ஏலே, அவனுக்கு மட்டும் எழுதிறாத, வேலை கெட்டுரும்” என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். பெயரைச் சொல்லி, உடம்பைச் சொல்லி நான் ஒரு வரி எழுதவில்லை; கடிதம் கையெழுத்தோடு மேலேயே முடிந்துவிட்டது; பின்குறிப்புக்குச் சத்தியம் வாங்க மறந்தது அவள் பிழை. இத்தனை வருஷத்தில் இந்த வார்டுக்கு வந்தவர்களில், நாலு மணிக்குத் தன் கையால் பச்சையை எடுத்து மாட்டிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “எனக்கு என்ன, பச்சைதேன், பாருங்க” என்கிறாள். அவள் கண் அயர்ந்த நேரம் பார்த்துச் சிவப்பை மாட்டினது நான். பல்லுக்கு வேலை இல்லை, இப்போது கம்பி கிடையாது. நர்ஸ் அறைக்குள் இருக்கிற பலகையில் அவளுக்கு என்ன நிறம் என்று பூமாரி சொல்லி எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ராத்திரி பஸ்ஸோ ரயிலோ பிடித்து வந்து பூமாரியிடம் நீயே கேட்டுக்கொள். ஹார்லிக்ஸ் வாங்கி வராதே.